துணி என்ன நிறம்?

வேலையிலிருந்து நான் ஓய்வு பெற்று மூன்று வருஷம் ஆகிறது. என் ஃபோன் இன்னும் ஓய்வு பெறவில்லை. நான் இருந்த துணை சுகாதார நிலையத்துக்கு இப்போது வந்திருக்கும் செவிலியர் நல்ல சூட்டிகையான பெண். டேப்லெட்டில் விரலை ஓட்டினால் ஒரு கர்ப்பிணியின் ஜாதகமே அவள் கைக்கு வந்துவிடும். ஆனாலும் சிக்கல் என்றால் என்னைக் கூப்பிடுவாள். போன மாதம் ஒரு நாள் காலையில் அப்படித்தான் கூப்பிட்டாள்.

“அக்கா, ஏழு வாரமுங்க. நேத்துல இருந்து ரத்தம் படுதாம். கொஞ்சந்தான்னு சொல்றாங்க. வலி, தலைசுத்தல் எல்லாங் கேட்டுட்டேன். வேற என்னங்க்கா கேக்கோணும்?”

“துணி என்ன நிறம்னு கேளு அம்மிணி.”

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. “ஏனுங்க்கா, இந்தக் காலத்துல யாருங்க துணி வெக்கறா? எல்லாம் நாப்கின்தானுங்க.”

“கேட்டுட்டுச் சிரி.”

ஐந்து நிமிஷத்தில் திரும்பக் கூப்பிட்டாள். இந்த முறை சிரிப்பு இல்லை. “துணிதானுங்க்கா. வெளிய தெரியக் கூடாதுன்னு கடைக்கு நாப்கின் வாங்கக் கூட அனுப்பலையாம். பழைய சேலை. அரக்கு நிறமுங்க. உங்களுக்கு எப்படிங்க்கா தெரிஞ்சுது?”

“அதை அப்புறம் சொல்றேன். நாளைக்குன்னு சொல்லாதே, இப்பவே ஆஸ்பத்திரிக்கு அனுப்பு,” என்றேன். அவளும் அனுப்பிவிட்டாள். அந்தப் பெண்ணுக்கு ரத்தம் நின்று, இப்போது மூன்றாவது மாதம் நடக்கிறது. எனக்கு எப்படித் தெரிந்தது என்பதை ஃபோனில் சொல்லி முடிக்க முடியாது என்பதால் எழுதுகிறேன்.

நான் பிறந்தது பள்ளிபாளையத்தில். வீட்டின் ஒரு பக்கம் காவிரி, இன்னொரு பக்கம் விசைத்தறிச் சத்தம். எங்கள் பக்கத்துத் தறிகளில் ஓடுவது காடாத் துணி, சாயம் போடாத வெளுப்புத் துணி. சேலத்தில் இரண்டு வருஷம் நர்ஸ் பயிற்சி. அந்த இரண்டு வருஷத்தில் விடுதி உப்புமாவைத் தவிர எல்லாவற்றையும் விரும்பியே கற்றேன். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் வரும் ரத்தப்போக்கு என்று பாடப்புத்தகத்தில் ஒன்றரைப் பக்கம் இருந்தது. மனப்பாடமாக எழுதி நல்ல மதிப்பெண் வாங்கினேன். அந்த ஒன்றரைப் பக்கத்தைப் புரிந்துகொள்ள எனக்கு இருபது வருஷம் பிடித்தது.

வேலை கிடைத்தது இளம்பிள்ளைக்குப் பக்கத்தில் ஒரு ஊரில். அங்கே வீட்டுக்கு வீடு சேலைத் தறி. தெருவில் நடந்தால் வாசலில் நீளமாகக் கட்டிக் காயும் பாவு நூலின் நிறத்தை வைத்தே எந்த வீட்டில் என்ன சேலை ஓடுகிறது என்று சொல்லிவிடலாம். அந்த ஊர்ப் பெண்கள் பேச்சில் கெட்டி, வேலையில் அதைவிடக் கெட்டி. இரண்டு விஷயத்தில் மட்டும் வாயைத் திறக்க மாட்டார்கள். ஒன்று, கரு உண்டானால் மூன்று மாதம் முடியும்வரை வெளியே மூச்சு விடக் கூடாது; கண் பட்டுவிடும். இரண்டு, மாதவிலக்குத் துணி ஆண்கள் கண்ணில் படக் கூடாது. அதனால் டேமேஜ் ஆன பருத்திச் சேலைகளில் அரக்கு நிறமாகப் பார்த்துக் கிழித்து வைத்துக்கொள்வார்கள். அரக்கில் கறை தெரியாது. துவைத்துக் கொடியில் போட்டாலும் யாருக்கும் தெரியாது. மருமகள் வந்தவுடன் மாமியார் எடுத்துக் கொடுக்கும் பொருட்களில் அந்தத் துணி மூட்டையும் ஒன்று. நல்ல வழக்கம்தானே என்று நானும் நினைத்திருந்தேன்.

டாக்டரம்மாவைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. நாங்கள் கர்ப்பிணிகளை அனுப்புகிற அரசு மருத்துவமனையில் மகப்பேறு டாக்டராக இருந்தவர். சன்னமான உடம்பு, சன்னமான குரல். யாரையும் அதட்டி நான் கேட்டதில்லை. கடைநிலை ஊழியரைக் கூட ‘நீங்க’ என்றுதான் பேசுவார். நோயாளியைத் தொடுவதற்கு முன் கைக்கடிகாரத்தைக் கழற்றி ஜன்னல் விளிம்பில் வைப்பார். அதை வைத்துவிட்டால் அந்த ஆளுக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்ற கணக்கே அவரிடம் கிடையாது. மேஜையில் வைத்த டீ ஆறி ஆடை கட்டிக் கிடக்கும். அவசரமான விஷயமாக இருந்தால் அவர் குரல் உயராது, இன்னும் இறங்கும். எங்களுக்கெல்லாம் அந்த இறங்கின குரல்தான் அவசர மணி.

ரத்தப்போக்கோடு வருகிற பெண்ணுக்கு ஸ்கேன் பார்க்கும்போது அவர் மூன்றே கேள்விகள் கேட்டுக்கொள்வார். எங்களுக்குக் கேட்கும்படி வாய்விட்டே கேட்பார். “இருக்கா? எங்க இருக்கு? துடிக்குதா?” இந்த வரிசை மாறாது. மூன்றுக்கும் பதில் தெரியாமல் வாயைத் திறக்க மாட்டார். தேதி குழப்பமாக இருந்து, கருக்கூடு மட்டும் தெரிந்து துடிப்பு தெரியாவிட்டால், “பத்து நாள் கழிச்சு வாங்க. இன்னிக்கு எனக்குத் தெரியல,” என்பார். வெளியே உறவுக்காரர்கள் “கருவைக் கழுவி விட்டுருங்க” என்று நிற்பார்கள். ஒரு டாக்டர் தனக்குத் தெரியவில்லை என்று சொல்வது அவர்களுக்குப் பிடிக்காது. அவருக்கு அதில் கூச்சமே இருந்ததில்லை. அப்படி அனுப்பியவர்களில் சிலருக்குப் பத்து நாள் கழித்து அந்தச் சின்னத் துடிப்பு வந்து நின்றதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். சிலருக்கு வரவில்லை, அதையும் பார்த்திருக்கிறேன்.

‘எங்க இருக்கு’ என்ற கேள்வியின் அருமை எனக்குத் தெரிந்தது ஒரு ரிக் லாரிக்காரர் மனைவியால். திருச்செங்கோட்டுப் பக்கம். கணவர் ஆழ்துளைக் கிணறு போட வடக்கே போயிருந்தார். அந்தப் பெண் தனியாகப் பஸ் ஏறி வந்திருந்தாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த வெள்ளைப் பஞ்சில் இரண்டு பொட்டு ரத்தம், அவ்வளவுதான். எனக்கு அது கேஸாகவே தெரியவில்லை. டாக்டரம்மா அவள் கண் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, “தோள்பட்டை வலிக்குதா?” என்றார்.

“ஆமாங்க. இந்தத் தோளுதான். கொடத்தத் தூக்குனதுல புடிச்சிருச்சாட்ட இருக்குதுங்க.”

டாக்டரம்மாவின் குரல் இறங்கியது. கரு கருப்பையில் இல்லை, குழாயில் இருந்தது. குழாய் வெடித்து வயிற்றுக்குள்ளேயே ரத்தம் சேர்ந்துகொண்டிருந்தது. அதுதான் தோளில் வலியாகத் தெரிந்திருக்கிறது. அரை மணி நேரத்தில் அவள் ஆபரேஷன் மேஜையில் இருந்தாள், பிழைத்தாள். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. வெளியே வருகிற ரத்தத்தை மட்டும் பார்த்து ஒரு பெண்ணின் நிலைமையை முடிவு செய்யாதே என்று அன்றைக்கு என் தலையில் நானே குட்டிக்கொண்டேன். குட்டு வாங்கிய தலைதான் அடுத்த வருஷமே தப்பும் செய்தது.

தங்கமணி எங்கள் ஊர் மருமகள். கல்யாணமாகி ஆறு வருஷம் குழந்தை இல்லை. கோயில், மருந்து, அக்கம்பக்கத்துப் பேச்சு எல்லாம் பார்த்தவள். கணவனும் அவளும் இரண்டு தறி ஓட்டினார்கள். ஆடி மாதம், தீபாவளிச் சேலைகளுக்கு ஊரே மூச்சு முட்ட ஓடிக்கொண்டிருந்த நேரம். ஒரு நாள் முற்பகலில் மாமியார் நல்லம்மாள் அவளைக் கூட்டிக்கொண்டு என் நிலையத்தின் பின்பக்கக் கதவைத் தட்டினார். முன்வாசல் வழியாக வந்தால் யாராவது பார்த்துக் கேட்பார்களாம்.

“நர்சம்மா, ரெண்டு மாசமா நிக்குதுங்க. ஒருத்தருக்குஞ் சொல்லலீங்க, உங்களுக்குங் கூட. மூணு முடியட்டும்னு இருந்தோம். நேத்துப் பொழுதோட லேசாப் பட்டுச்சுங்க.”

தங்கமணி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசி மாதவிலக்குத் தேதி கேட்டேன், கணக்குப்படி எட்டு வாரம். ஒரு பக்கமாக வலி? இல்லை. தோள்பட்டை? இல்லை. மயக்கம்? இல்லை. அடிவயிறு மட்டும் இழுத்துப் பிடிக்கிறது. பிரஷர் பரவாயில்லை. நாடி மட்டும் கொஞ்சம் வேகம், பயத்தில் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

“எத்தனை துணி நனைஞ்சுது?”

“ரெண்டுதானுங்க்கா.”

வைத்திருந்த துணியையும் பார்த்தேன். அரக்கு நிறம். தொட்டுப் பார்த்தால் ஈரம், கண்ணுக்கு ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. பதிவேட்டில் ‘குறைவு’ என்று எழுதினேன். “பயப்படாதே. ரத்தம் பட்டாலே போயிருச்சுன்னு அர்த்தமில்லை, பல பேருக்கு நின்னுரும். நாளைக்குக் காலைல ஸ்கேனுக்குப் போலாம். அதுக்குள்ள அதிகமானா ஃபோன் பண்ணு. ஏதாச்சும் கட்டியா வந்தா வீசாம எடுத்து வை, டாக்டர் பாக்கோணும்,” என்று அனுப்பினேன். சொன்னதெல்லாம் சரிதான், ‘நாளைக்கு’ என்ற ஒரு சொல்லைத் தவிர.

மறுநாள் காலை எட்டு மணிக்கு அவள் கணவன் பைக்கில் வந்து நின்றான். “வாங்க” என்பதை மட்டும் மூன்று தடவை சொன்னான்.

தங்கமணி குளியலறை வாசலில் சுவரில் சாய்ந்து கிடந்தாள். உதடு வெளுத்திருந்தது. ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, காலை உயர்த்திப் படுக்கவைத்து நாடி பிடித்துக்கொண்டிருந்தபோது மூலையில் ஒரு வாளி கண்ணில் பட்டது. அரக்குத் துணிகள் ஊறிக்கொண்டிருந்தன. ஒன்றைக் கையில் எடுத்தேன். எடுத்ததும் கை தாழ்ந்தது. கால் சேலை அளவுக்குக் கிழித்து எட்டாக மடித்த துணி. பிழிந்தேன். நான் அதைப் பற்றி விவரமாக எழுதப் போவதில்லை. ‘ரெண்டுதான்’ என்று அவள் சொன்னது பொய்யில்லை. ஒரு துணி எவ்வளவு பெரிது என்று நான் கேட்கவில்லை, அரக்கு எதை மறைக்கும் என்று யோசிக்கவில்லை. வெளுப்புத் துணி ஓடும் வீட்டில் பிறந்து, சாயத் துணி ஓடும் ஊரில் பல வருஷம் குப்பை கொட்டியவள் நான். எனக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

நல்லம்மாள் ஒரு எவர்சில்வர் தூக்கை என்னிடம் நீட்டினார். மூடி போட்டிருந்தது. “காலைல வந்துச்சுங்க. வீச வேண்டாம்னு நீங்க சொன்னீங்களே.” ஆம்புலன்ஸில் ஒரு கையால் தங்கமணியின் கையையும் மறு கையால் அந்தத் தூக்கையும் பிடித்துக்கொண்டு போனேன். அவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. “இருக்குதுங்களா அக்கா?” நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டேன்.

டாக்டரம்மா கடிகாரத்தைக் கழற்றி வைத்தார். டிரிப் ஏறியது, ரத்த வகை பார்க்க அனுப்பினார்கள். உள்ளே பரிசோதித்துவிட்டு, “கருப்பை வாய் மூடியிருக்கு. ரத்தம் குறையுது,” என்றார். பிறகு தூக்கைக் கேட்டார்.

அதன் பிறகு அவர் செய்ததை இன்றைக்கும் ஒவ்வொன்றாகச் சொல்வேன். ஒரு பீங்கான் தட்டை எடுத்து ஜன்னல் ஓரம் வைத்தார். அதில் டிரிப்புக்கு வைத்திருக்கும் உப்புத் தண்ணீரை ஊற்றினார். தூக்கில் இருந்ததை மெதுவாக அலசி, ரத்தக் கட்டிகளைப் பிரித்தார். அதில் நகக்கண் அளவுக்கு வெளுப்பாக ஒன்று இருந்தது. அதை மட்டும் இடுக்கியால் எடுத்துத் தண்ணீரில் விட்டார். “வந்து பாருங்க சிஸ்டர்,” என்றார்.

தூக்கிப் பிடித்தபோது வெறும் சதைத் துணுக்காக இருந்தது, தண்ணீரில் விட்டதும் விரிந்தது. காவிரிப் படித்துறையில் கல்லோரம் பாசி நீரில் விரியுமே, அப்படி. நூலிலும் மெல்லிய இழைகள், ஒவ்வொரு இழையிலிருந்தும் கிளை, கிளையிலிருந்து இன்னும் சன்னமான கிளை. ஜன்னல் வெளிச்சம் அதன் ஊடாகப் போனது. தாயின் ரத்தத்திலிருந்து உணவு எடுக்கக் கரு விடும் வேர் அது. அந்த எட்டு வாரத்துக்குள், யாருக்கும் சொல்லாமல் மறைத்து வைத்த வயிற்றில், இவ்வளவு வேலை நடந்திருக்கிறது. தறியில் ஆயிரம் சேலை பார்த்த கண் என்னுடையது. அப்படி ஒரு நெசவை நான் பார்த்ததில்லை. அழகாக இருக்கிறது என்று மனசுக்குள் தோன்றியது. தோன்றிய அந்த நிமிஷமே வெட்கமாகவும் இருந்தது. அடுத்த அறையில் ஒருத்தி வெளுத்துக் கிடக்கிறாள், நான் அழகு பார்க்கிறேனே என்று.

டாக்டரம்மாவும் குனிந்து பார்த்தார். “இது கருதான்,” என்று மட்டும் சொன்னார்.

கரு வந்துவிட்டது என்றால் விஷயம் முடிந்தது. கருப்பையில் மிச்சம் ஏதாவது தங்கியிருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் சுத்தம் செய்து அனுப்புவார்கள். இதுதான் நான் இருபது வருஷமாகப் பார்த்தது. டாக்டரம்மா கை கழுவிக்கொண்டிருந்தபோது நான் வெளியே போனேன். நல்லம்மாள் நடைபாதை பெஞ்சில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த அம்மாளைக் காத்திருக்க வைப்பது பாவம் என்று எனக்குப் பட்டது.

“போயிருச்சுங்கம்மா,” என்றேன். “மனசத் தேத்திக்குங்க. தங்கமணிக்கு ஒண்ணுமில்லை.”

நல்லம்மாள் சத்தம் போடாமல் அழுதார். “அந்தத் தறிதானுங்க நர்சம்மா. உக்காராத உக்காராதன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டனுங்க.” கணவன் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டான். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். என் வாயால் கெட்டது நான் மட்டுமில்லை, அந்தக் குடும்பமே.

உள்ளே வந்தபோது டாக்டரம்மா ஸ்கேன் கருவியை வைத்துக் குனிந்திருந்தார். மிச்சம் எவ்வளவு என்று பார்க்கத்தான் நானும் நின்றேன். அவர் வழக்கம்போல வாய்விட்டுக் கேட்டார். “இருக்கா?”

கருவியை அசைத்தார், நிறுத்தினார், மறுபடி அசைத்தார். என்னைப் பக்கத்தில் வரச் சொல்லிக் கையால் காட்டினார். திரையில் இரண்டு கூடுகள் தெரிந்தன. ஒன்று கலைந்து, சப்பையாக, காலியாக இருந்தது. அதற்கு மேலே தள்ளி இன்னொன்று முழுசாக, உருண்டையாக இருந்தது. அதற்குள்ளே ஒரு மொச்சைக் கொட்டை அளவுக்கு ஏதோ ஒன்று, அதன் நடுவில் ஒரு புள்ளி மினுக் மினுக்கென்று துடித்துக்கொண்டிருந்தது.

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. இரட்டை! ஒன்று போய், ஒன்று இருக்கிறது. அத்தனை ரத்தத்துக்கு நடுவில், மயக்கம் போட்டு விழுந்த உடம்பில், பக்கத்துக் கூடு கலைந்து வெளியேறியது கூடத் தெரியாமல் அது தன் பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது. எத்தனையோ பிரசவம் பார்த்திருக்கிறேன். அந்தப் புள்ளிக்கு முன்னால் கை கூப்பியது போல வேறு எதற்கு முன்னாலும் நான் கை கூப்பியதில்லை. கூப்பியதே பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

“எங்க இருக்கு? உள்ளதான். துடிக்குதா? துடிக்குது,” என்று டாக்டரம்மா தனக்கே சொல்லிக்கொண்டார். “நானும் இப்படி ஒண்ணை இப்பத்தான் பாக்கறேன் சிஸ்டர்.” பிறகு திரையைத் தங்கமணி பக்கம் திருப்பினார். “இங்க பாருங்கம்மா. ரெண்டு இருந்திருக்கு. ஒண்ணு போயிருச்சு. ஒண்ணு இருக்கு. இது தங்கும்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. இப்ப இருக்கு, அதைத்தான் சொல்ல முடியும்.”

தங்கமணி திரையைப் பார்த்தாள். அழவில்லை, சிரிக்கவில்லை. விரலை நீட்டி அந்தப் புள்ளியைத் தொடப் போய், தொடாமல் நிறுத்திக்கொண்டாள்.

நான் மெல்லச் சொன்னேன். “டாக்டர், வெளிய அவங்க மாமியார்கிட்ட... போயிருச்சுன்னு சொல்லிட்டேன்.”

டாக்டரம்மா என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கருவியைத் துடைத்து வைத்துவிட்டு, “பாத்து முடிக்கறதுக்கு முன்னால சொன்னீங்க. நீங்களே போய் மாத்திச் சொல்லுங்க,” என்றார்.

அந்தப் பத்தடி நடைபாதை போல நீளமான தூரம் நான் நடந்ததில்லை. சொன்னேன். நல்லம்மாள் நம்பவில்லை. “ஏனுங்க நர்சம்மா, அழுகறவளச் சமாதானப்படுத்தறதுக்கு இப்படியுஞ் சொல்லுவாங்களா?” என்று கோபப்பட்டார். கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்தேன். டாக்டரம்மா இன்னொரு முறை கருவியை வைத்துக் காட்டினார். அந்த அம்மாள் திரைக்குப் பக்கத்தில் போய், “சாமி... சாமி...” என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

“தறியால இல்லைங்கம்மா,” என்றார் டாக்டரம்மா அவரிடம். “உருவாகும்போதே ஒண்ணு சரியா உருவாகாம இருந்திருக்கும். உங்க மருமக நடந்ததாலயோ உக்காந்ததாலயோ வந்ததில்லை. மூணு மாசம் படுக்கையில கட்டிப் போட வேண்டாம். பாரம் தூக்காம, மறைக்காம இருந்தாப் போதும்.”

அன்று கிளம்பும்போது என்னிடம் ஒன்று சொன்னார். “சிஸ்டர், அடுத்த தடவை யாருக்கு ரத்தம் பட்டாலும் வெள்ளைத் துணி கொடுங்க.”

அடுத்த நாளே பள்ளிபாளையத்தில் என் தம்பிக்கு ஃபோன் செய்து காடாத் துணி கேட்டேன். “அக்கா வேலைய உட்டுட்டு ஜவுளி யாவாரத்துல எறங்கீட்டாளா?” என்று கிண்டல் செய்துகொண்டே, நன்றாக வெளுத்ததாக ஒரு கட்டு அனுப்பினான். கைக்குட்டை அளவில் ஒரே மாதிரி வெட்டி, கொதிக்கவைத்து, வெயிலில் காயவைத்துத் தங்கமணியிடம் கொடுத்தேன். தினமும் வீடுகளுக்குப் போகும் வழியில் மொபெட்டை நிறுத்தி, அன்று காலையில் மாற்றிய துணியைப் பார்ப்பேன். வெள்ளைத் துணி எதையும் மறைக்கவில்லை. முதல் நாட்களில் சிவப்பு. அதைப் பார்த்த நாளெல்லாம் எனக்குச் சோறு இறங்கவில்லை. பிறகு காப்பிப் பொடி நிறம். அது பழைய ரத்தம், பயமில்லை என்று சொல்லிக் கொடுத்தேன். பத்தாம் நாள் ஸ்கேனில் புள்ளி துடித்தது. அதற்கும் அடுத்த வாரம் ஒரு காலையில் நான் தெருமுனை திரும்பும்போதே நல்லம்மாள் எதிரே ஓடி வந்தார். கையில் துணி. மாதவிலக்குத் துணியை ஆண் நிழல் படாமல் நாற்பது வருஷம் காயப்போட்ட அந்த அம்மாள், தெருவில் பாவு நூலை நீட்டிக்கொண்டிருந்த ஆண்களுக்கு நடுவில் அதை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தார்.

“பாருங்க நர்சம்மா! வெள்ளை! சுத்தமா வெள்ளைங்க!”

மூன்று மாதம் முடியாத ரகசியம் அன்றைக்குத் தெருவுக்கே தெரிந்துபோயிற்று. யார் கண்ணும் படவில்லை. மாதம் நிறைந்து பங்குனியில் பெண் குழந்தை பிறந்தது. வீட்டில் ஒரே கொண்டாட்டம். எனக்கும் சேலை வைத்துக் கொடுத்தார்கள், அரக்கு நிறத்தில். நான் சிரித்த சிரிப்புக்குக் காரணம் தங்கமணிக்கு மட்டும் புரிந்தது.

கதை இத்தோடு முடிந்துவிட்டது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். குழந்தைக்கு ஒன்பதாம் மாதம், அம்மைத் தடுப்பூசிக்குத் தூக்கிக்கொண்டு வந்தாள் தங்கமணி. முன்வாசல் வழியாகத்தான் வந்தாள். மற்றவர்கள் போன பிறகும் எழவில்லை. குழந்தையின் கால் கொலுசைத் திருகிக்கொண்டே இருந்தாள்.

“அக்கா, ஒண்ணு கேக்கோணும். ஊட்டுல கேட்டா அத்தை வெசனப்படுவாங்க. இருக்கறதப் பாருங்கறாங்க. அந்தத் தூக்குல எடுத்துட்டு வந்தோமே. அதை நான் பாக்கவே இல்லீங்க. நீங்க பாத்தீங்களா?”

இரட்டையில் ஒன்று பிழைத்த கதையை நான் எத்தனை கூட்டத்தில் சொல்லியிருப்பேன்! கேட்டவர்களெல்லாம் அதிசயப்பட்டார்கள். போன ஒன்றைப் பற்றி அவள் ஒருத்திதான் இந்த ஒன்றரை வருஷமாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். அதைப் பற்றி ஒரு வார்த்தை கூட நாங்கள் யாரும் அவளிடம் பேசவில்லை.

“பாத்தேன் அம்மிணி,” என்றேன். “டாக்டரம்மா ஒரு வெள்ளைத் தட்டுல தண்ணி ஊத்தி அதுல உட்டாங்க. ஜன்னல்கிட்ட, வெளிச்சத்துல. பாசியாட்ட விரிஞ்சுது. நூலு நூலா, கெளை கெளையா.”

அவள் அதைக் கண்ணுக்குள் கொண்டுவரப் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

“அழகா இருந்துச்சுங்களா அக்கா?”

அன்றைக்கு ஜன்னலோரம் நான் வெட்கப்பட்டு விழுங்கிய சொல். அதுவரை யாரிடமும், டாக்டரம்மாவிடம் கூட, சொன்னதில்லை.

“அழகா இருந்துச்சு சாமி,” என்றேன். “அத்தனை அழகை நான் அதுக்கு முந்தியும் பாத்ததில்ல, அப்புறமும் பாக்கல.”

தங்கமணி தலையை ஆட்டினாள். ஆட்டிக்கொண்டே இருந்தாள். ரத்தம் போய் வெளுத்துக் கிடந்தபோதும், மயக்கத்திலும், பிரசவ வலியிலும் அழாதவள் அப்போதுதான் அழுதாள். நான் குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, அவள் அழுது முடிக்கும்வரை ஊசியைத் தொடவில்லை.